டீசல் சுடருக்குள் லேசர் வெளிச்சம்: என்ஜின் எரிதல் வலையமைப்பின் தரவுக் களஞ்சியம் – ஒரு பயனரின் மதிப்புரை

டீசல் என்ஜினின் எரிதலைக் கணினியில் கணித்துப் பார்ப்பவர்களுக்குத் தீராத ஒரு கவலை உண்டு. திரையில் எரிபொருள் தாரை விரிகிறது, ஆவியாகிறது, தீப்பற்றுகிறது. ஆனால் உண்மையான சிலிண்டருக்குள் அப்படித்தான் நடக்கிறதா? சிலிண்டர் அழுத்தத்தை அளந்து கணிப்போடு ஒப்பிடுவது மட்டும் இதற்கு விடையாகாது, ஏனெனில் முற்றிலும் தவறான இடத்தில் எரியும் சுடர்கூடச் சரியான அழுத்த வளைகோட்டைத் தந்துவிடக்கூடும். உள்ளே பார்த்தவர்களின் சாட்சியம் வேண்டும். அந்தச் சாட்சியத்திற்காக நான் சில ஆண்டுகளாக நாடிவருவது, அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் லிவர்மோரில் இருக்கும் சாண்டியா தேசிய ஆய்வகத்தை மையமாகக் கொண்டு இயங்கும் என்ஜின் எரிதல் வலையமைப்பு, அதாவது இ.சி.என்., இணையத்தில் திறந்து வைத்திருக்கும் தரவுக் களஞ்சியத்தைத்தான். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அதைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் நேரம் போகும் என்பதால், அந்த நேரத்திற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில், லேசரால் படமெடுக்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் இந்தக் களஞ்சியத்தின் மதிப்பு விளங்காது. 1990-களின் தொடக்கம் வரை டீசல் சுடரைப் பற்றிப் பாடநூல்கள் தந்த சித்திரம் ஏறத்தாழ இதுதான்: எரிபொருளைப் பீச்சும் முனையான நாசிலிலிருந்து பாயும் தாரையின் நடுவில் திரவ எரிபொருள் நெடுந்தூரம் நீள்கிறது, அதைச் சுற்றித் துளிகள் ஆவியாகி, ஓரத்தில் காற்றோடு கலந்து எரிகின்றன, புகைக்கரி அந்த ஓரச் சுடரின் உட்பக்கத்தில் மெல்லிய உறைபோல உருவாகிறது. நியாயமாகத் தோன்றும் சித்திரம்தான். சாண்டியாவின் ஜான் டெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும், கனரக வாகன என்ஜின் ஒன்றை ஒற்றைச் சிலிண்டராக மாற்றி, அதற்குக் கண்ணாடி சன்னல்கள் பொருத்தி, உள்ளே லேசர் ஒளியைத் தாள்போல விரித்துப் பாய்ச்சிப் படமெடுத்தபோது அந்தச் சித்திரம் கலைந்தது. திரவம் 25 மி.மீ.க்கும் குறைவான தொலைவிலேயே தீர்ந்துவிட்டது. அதற்கு அப்பால் இருந்ததெல்லாம் ஆவியும், அதற்குள் இழுக்கப்பட்ட சூடான காற்றும்தான். புகைக்கரியோ ஓரத்தோடு நிற்கவில்லை. தாரையின் முன்பகுதியின் குறுக்குவெட்டு முழுவதிலும் அது நிறைந்திருந்தது. சரியாக எரிவதற்குத் தேவையான எரிபொருளைப்போல 2 முதல் 4 மடங்கு செறிந்த கலவை முதலில் எரிகிறது என்றும், அந்த அரைகுறை எரிதலின் விளைபொருள்களே புகைக்கரியின் விளைநிலம் என்றும், ஓரத்தில் மெல்லியதாக ஒரு பரவல் சுடர், அதாவது எரிபொருளும் காற்றும் சந்திக்கும் எல்லையில் எரியும் சுடர், சூழ்ந்து நின்று மிச்சத்தை எரிக்கிறது என்றும் டெக் 1997-இல் ஒரு கருத்துப்படிமமாகத் தொகுத்து வெளியிட்டார். உட்பகுதி ஏறத்தாழ 1600 கெல்வின் வெப்பநிலையிலும் ஓரச் சுடர் ஏறத்தாழ 2700 கெல்வின் வெப்பநிலையிலும் இருக்கின்றன என்ற பிந்தைய கணக்கீடுகள், நைட்ரஜன் ஆக்சைடு ஏன் ஓரத்தையும் புகைக்கரி ஏன் உட்பகுதியையும் சார்ந்து பிறக்கின்றன என்பதையும் விளக்கின. டீசலின் இரண்டு பெரிய மாசுகளும் ஒரே தாரையில், சில மில்லிமீட்டர் இடைவெளியில், வெவ்வேறு காரணங்களால் உருவாகின்றன என்ற இந்த அறிவு எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

இதைப் படமெடுத்த முறையைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். சாதாரண பிஸ்டனுக்குமேல் நீண்ட, நடுவில் திறந்த ஒரு குழாய்ப்பகுதியை இணைத்து, அதன் தலையில் குவார்ட்ஸ் சன்னல் வைத்து, குழாய்க்குள் 45 பாகைச் சாய்வில் அசையாத ஒரு கண்ணாடியை நிறுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினின் எரியறையைக் கீழிருந்து பார்க்கலாம். ஜெனரல் மோட்டார்ஸின் பௌடிச் 1961-இல் வெளியிட்ட இந்த அமைப்புக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. லேசர் ஒளித்தாள் பக்கவாட்டுச் சன்னல் வழியாக நுழைகிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு துடிப்பு ஏறத்தாழ 10 நானோவிநாடி நீடிக்கிறது. விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் ஓடும் வாயுகூட அந்த நேரத்தில் ஒரு மைக்ரோமீட்டர்தான் நகரும் என்பதால், படத்தில் எதுவும் கலங்கித் தெரிவதில்லை. நிமிடத்திற்கு 1200 சுற்று ஓடும் என்ஜினில் கிராங்க் ஒரு பாகை திரும்புவதற்கு ஏறத்தாழ 139 மைக்ரோவிநாடி ஆகிறது என்பதோடு ஒப்பிட்டால், லேசர் துடிப்பு எவ்வளவு குறுகியது என்பது புலப்படும். இவ்வளவு பாடுபட்டும் சன்னல் மேல் புகைக்கரி படிகிறது. குவார்ட்ஸ் வெப்பம் தாங்காமல் விரிசல் விடுகிறது. ஆகவே ஒவ்வொரு சுழற்சியிலும் எரிபொருளைப் பீச்சாமல், பல சுழற்சிகளுக்கு ஒருமுறை மட்டும் பீச்சி, இடையில் என்ஜினை மோட்டாரால் வெறுமனே ஓட்டுகிறார்கள்.

டெக்கின் படிமம் வந்த பிறகு உலகின் பல ஆய்வகங்கள் கண்ணாடி என்ஜின்களைக் கட்டின. அங்கேதான் அடுத்த சிக்கல் தொடங்கியது. ஒவ்வோர் இடத்திலும் நாசிலின் துளை வேறு, எரிபொருள் வேறு, அழுத்தம் வேறு, காற்றின் வெப்பநிலை வேறு. ஓரிடத்துப் படத்தையும் மற்றோரிடத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்து எதையும் முடிவு செய்ய இயலவில்லை. கணிப்பு எழுதுபவர் தன் முடிவுக்கு ஒத்துவரும் படத்தைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை விட்டுவிடவும் வழி இருந்தது. சாண்டியாவின் லைல் பிக்கெட்டும், பிரான்ஸின் ஐ.எஃப்.பி. எனர்ஜி நூவெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜில் புருனோவும், வேறு பல ஆய்வகங்களும் சேர்ந்து இதற்கு எடுத்த முடிவு எளியது, ஆனால் நடைமுறையில் மிகக் கடினமானது: எல்லோரும் ஒரே வகை இன்ஜெக்டரை, அதாவது எரிபொருளைப் பீச்சும் கருவியை, ஒரே எரிபொருளைக் கொண்டு, ஒரே நிலைமையில் அளப்போம், அளந்ததை எல்லோருக்கும் திறந்து வைப்போம். 2011-இல் கலிஃபோர்னியாவின் வெஞ்சுராவிலும், 2012-இல் ஹைடல்பர்க்கிலும், 2014-இல் ஆன் ஆர்பரிலும், 2015-இல் கியோட்டோவிலும் என அடுத்தடுத்து நடந்த பட்டறைகளில், அளந்தவர்களும் கணித்தவர்களும் தங்கள் முடிவுகளை ஒரே வரைபடத்தில் வைத்து ஒப்பிட்டார்கள்.

அந்த ஒரே நிலைமைக்கு ஸ்ப்ரே ஏ என்று பெயர். களஞ்சியத்தைத் திறப்பவர் முதலில் மனப்பாடம் செய்யவேண்டிய எண்கள் இதில்தான் இருக்கின்றன. சுற்றியுள்ள வாயுவின் வெப்பநிலை 900 கெல்வின். அடர்த்தி கனமீட்டருக்கு 22.8 கிலோகிராம், அழுத்தம் ஏறத்தாழ 60 பார், ஆக்சிஜன் 15 விழுக்காடு. எரிபொருள் என்-டோடெகேன் என்னும் தூய ஹைட்ரோகார்பன், அதன் வெப்பநிலை 363 கெல்வின். பீச்சும் அழுத்தம் 1500 பார். நாசிலில் ஒரே ஒரு துளை, அதன் விட்டம் பெயரளவில் 90 மைக்ரோமீட்டர். பீச்சும் நேரம் 1.5 மில்லிவிநாடி, அந்த நேரத்தில் வெளிவரும் எரிபொருள் ஏறத்தாழ 3.5 மில்லிகிராம். ஆக்சிஜன் 21 விழுக்காடாக இல்லாமல் 15-ஆக இருப்பது, வெளியேறும் புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் இன்றைய என்ஜின்களைப் பின்பற்றியே. இதைத் தேர்ந்தவர்கள் என்ஜின்காரர்கள் என்பது அந்த ஓர் எண்ணிலேயே தெரிகிறது.

இந்த நிலைமையை உண்டாக்கும் விதமும் சொல்லத் தகுந்தது. சாண்டியாவில் இதற்கு என்ஜினைப் பயன்படுத்துவதில்லை. தடித்த சுவரும் பெரிய சன்னல்களும் கொண்ட, கொள்ளளவு மாறாத ஒரு கலத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் அசிட்டிலீன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவற்றின் கலவையை நிரப்பித் தீப்பொறியால் எரிக்கிறார்கள். எரிந்து முடிந்ததும் உள்ளே உயர்ந்த வெப்பமும் அழுத்தமும் உண்டாகின்றன. சுவர் வழியாக வெப்பம் இறங்க இறங்க வாயு மெல்லக் குளிர்கிறது. விரும்பிய வெப்பநிலையை அது கடக்கும் கணத்தில் இன்ஜெக்டர் திறக்கிறது. எரிந்த பிறகு மீதமிருக்கும் ஆக்சிஜன் 15 விழுக்காடாக இருக்கும்படி தொடக்கக் கலவை முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருக்கும். சுழியாக இருக்கும்படியும் கணக்கிடலாம், அப்போது தாரை ஆவியாகும், எரியாது. ஸ்பெயினின் வாலென்சியாவில் உள்ள சி.எம்.டி. ஆய்வகத்தில் இதே நிலைமையை வேறு வழியில், சூடான வாயு தொடர்ந்து மெல்ல ஓடும் மாறா அழுத்தக் கலத்தில் உண்டாக்குகிறார்கள். இரண்டு வழிகளும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று சோதித்துப் பார்த்ததும், வேறுபாடு வந்த இடங்களில் காரணத்தைத் தேடியதும் இந்த வலையமைப்பின் தொடக்க ஆண்டுகளின் பெரிய உழைப்பு. அந்த உழைப்பின் மேல்தான் மற்றவை அனைத்தும் நிற்கின்றன.

இனி, பயனராக என் அனுபவம். களஞ்சியத்தில் நிலைமைகளைத் தேர்ந்து தேடினால், எரியாத தாரையின் திரவ நீளமும் (நாசிலிலிருந்து திரவம் எட்டும் தொலைவு) ஆவி ஊடுருவலும் (எரிபொருள் ஆவி எட்டும் தொலைவு), எரியும் தாரையின் தீப்பற்றல் தாமதமும் சுடர் விலகல் தொலைவும் (நாசிலுக்கும் சுடர் தொடங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி), அழுத்த மாற்றமும், பீச்சும் வேகத்தின் கால வரைபடமும், பல நிலைமைகளில் புகைக்கரியின் அளவும் எண்களாகக் கிடைக்கின்றன. பலவற்றுக்குப் படங்களும் படத்தொடர்களும் உண்டு. நான் முதலில் கவனிக்கத் தவறி, பிறகு மிகவும் மதிக்கத் தொடங்கிய ஒன்று, ஒவ்வோர் அளவீட்டோடும் இன்ஜெக்டரின் அடையாள எண் தரப்பட்டிருப்பதுதான். ஒரே வரைபடத்தின்படி செய்யப்பட்ட இன்ஜெக்டர்கள்தாம். ஆனால் எக்ஸ்-கதிர் கொண்டு அளந்தபோது துளையின் விட்டம் ஒவ்வொன்றிலும் வேறாக, ஏறத்தாழ 84 முதல் 91 மைக்ரோமீட்டர் வரை இருந்தது. விட்டத்தில் 84-க்கும் 91-க்கும் உள்ள வேறுபாடு பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காடாகப் பெருகுகிறது. அவ்வளவு எரிபொருள் கூடவோ குறையவோ செய்யும். பெயரளவு 90 என்று எழுதிக்கொண்டு கணிப்பை ஓட்டி, பிறகு கொந்தளிப்புக் கெழுவை, அதாவது வாயுவின் கொந்தளிப்பைக் கணிப்பில் குறிக்கும் எண்ணை, திருகித் திருகி அளவீட்டோடு பொருத்த முயன்ற வாரங்கள் எனக்கு உண்டு. பிழை கெழுவில் இல்லை, நாசிலில் இருந்தது. அந்த இன்ஜெக்டருக்கு உரிய துளை வடிவத்தைக் களஞ்சியத்திலிருந்தே எடுத்துப் பயன்படுத்தியதும், கெழுவைத் தொடாமலே ஆவி ஊடுருவல் அளவீட்டின் பக்கத்தில் வந்து நின்றது.

இரண்டாவதாக மதிப்பது வரையறைகளை. இந்தச் சேவையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். திரவ நீளம் என்று ஓர் எண்ணைச் சொல்வது எளிது. ஸ்ப்ரே ஏ-யில் அது ஏறத்தாழ 10 மி.மீ. ஆனால் திரவம் எங்கே முடிகிறது என்பதை யார், எப்படித் தீர்மானிப்பது? துளிகள் மேல் ஒளியை வீசி, அவை சிதறும் ஒளியைப் படமெடுத்தால், எவ்வளவு பிரகாசம் வரை திரவம் என்று கொள்வது என்பது படமெடுப்பவரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடும். விளக்கு நின்ற கோணமும் அதன் வலிமையும்கூட விடையை மாற்றும். தாரைக்குப் பின்னாலிருந்து பரவலான ஒளியை வீசி, தாரை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளந்தால், விளக்கின் வலிமை கணக்கிலிருந்து விலகிவிடும். கிடைப்பது ஒளி மறைப்பின் தடிமன் என்ற, ஆய்வகத்திற்கு ஆய்வகம் ஒப்பிடத்தக்க ஓர் அளவு. வலையமைப்பினர் முதல் முறையிலிருந்து இரண்டாவதை நோக்கி நகர்ந்ததற்கு இதுவே காரணம். அதேபோல, கணிப்பில் ஆவி ஊடுருவலை எரிபொருளின் நிறைப்பங்கு 0.1 விழுக்காடாகக் குறையும் இடம் வரை அளக்கவேண்டும் என்றும், சுடர் எங்கே தொடங்குகிறது என்பதை சூடான சுடரில் தோன்றும் ஐதராக்சில் மூலக்கூறின் உச்ச அளவில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு எட்டப்படும் இடம் என்றும் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். வரையறை மாறினால் விடை மாறும் என்பதை இந்தக் களஞ்சியம் மறைப்பதில்லை.

இதன் அருமையை ஒரு கசப்பான அனுபவத்தின் மூலம்தான் உணர்ந்தேன். எங்கள் தேவைக்காக ஓர் ஆய்வகத்தைப் பணம் கொடுத்து அமர்த்தி, ஒரு நாசிலின் தாரையை லேசரால் படமெடுத்துத் தரச் சொன்னோம். அந்த ஆய்வகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வண்ணமிடப்பட்ட அழகான படங்கள் ஓர் அறிக்கையாக வந்தன. எந்த வண்ணம் எந்த அளவைக் குறிக்கிறது என்ற அளவுகோல் இல்லை. பின்னணி ஒளி கழிக்கப்பட்டதா என்ற குறிப்பு இல்லை. ஒளித்தாளின் நடுவிலும் ஓரத்திலும் லேசரின் வலிமை வேறுபடுமே, அது சரிசெய்யப்பட்டதா என்ற கேள்விக்கு விடையும் இல்லை. மூலப்படங்களைக் கேட்டபோது அவை வைத்திருக்கப்படவில்லை என்றார்கள். அந்தப் படங்களை எங்களால் எதற்கும் பயன்படுத்த முடியவில்லை. பணம் கொடுத்து வாங்கிய அறிக்கையில் இல்லாத குறிப்புகள் கட்டணமில்லாத களஞ்சியத்தில் இருந்தன. பின்னணி எப்படி நீக்கப்பட்டது, எத்தனை பீச்சல்களின் சராசரி, எந்த அலைநீளம், எந்த வடிகட்டி என்பவற்றைத் தேடினால், தரவின் பக்கத்திலோ அதோடு சுட்டப்பட்டிருக்கும் ஆய்வுக் கட்டுரையிலோ பெரும்பாலும் கண்டுகொள்ள முடிகிறது.

லேசர் படங்களை எப்படி வாசிக்கவேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்க்கலாம். 355 நானோமீட்டர் புறஊதா லேசரைத் தாரையில் பாய்ச்சினால் ஃபார்மால்டிஹைடு மூலக்கூறு அதை உறிஞ்சி நீல நிற ஒளியைத் திரும்ப உமிழ்கிறது. ஃபார்மால்டிஹைடு என்பது எரிபொருள் முழுமையாகத் தீப்பற்றுவதற்கு முன், குளிர்ச்சுடர் எனப்படும் முதல் கட்டத்தில் உருவாகி, இரண்டாம் கட்டத்தின் வெப்பம் வந்ததும் அழிந்துபோகும் பொருள். ஆகவே அது ஒளிரும் இடம், எரிதல் தொடங்கியும் முற்றாத இடம். ஸ்ப்ரே ஏ-யில் பீச்சத் தொடங்கி ஏறத்தாழ 0.4 மில்லிவிநாடியில் முழுத் தீப்பற்றல் நிகழ்கிறது. அதற்கு முன் எடுத்த படத்தில் தாரையின் உடல் முழுதும் மென்மையாக ஒளிர்கிறது. தீப்பற்றலின்போது முன்பகுதியிலிருந்து ஒளி மறைந்து, அந்த இடம் இருண்டுபோகிறது. சிறிது நேரம் கழித்து எடுத்த படத்தில் அதே முன்பகுதி மறுபடியும், முன்னைவிடப் பிரகாசமாக ஒளிர்கிறது. இதைப் பார்க்கும் புதியவர் ஃபார்மால்டிஹைடு திரும்ப வந்துவிட்டது என்றுதான் நினைப்பார். உண்மை அதுவன்று. புகைக்கரிக்கு முன்னோடியான பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களும், அதாவது பென்சீன் போன்ற கார்பன் வளையங்கள் பல ஒட்டிய மூலக்கூறுகளும், இதே 355 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சி ஒளிர்பவை. இரண்டாவது ஒளிர்வு அவற்றுடையது. ஒரே லேசர், ஒரே காமிரா, ஒரே வண்ணம். ஆனால் நாசில் பக்கத்து ஒளிர்வும் முன்பகுதி ஒளிர்வும் இரண்டு வேறு பொருள்கள். படத்தில் தெரிவது ஒளியின் அளவே தவிர, பொருளின் அளவு அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எனக்குத் தெரியாது. இந்தத் துறைக்கு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

எரிபொருளும் காற்றும் கலக்கும் விகிதத்தை அளக்கும் ராலே சிதறல் முறை இந்த ஐயத்திற்கு மிகக் குறைவாகவே இடம் தருகிறது. 532 நானோமீட்டர் பச்சை லேசரை மூலக்கூறுகளே சிதறடிக்கின்றன. டோடெகேன் போன்ற பெரிய மூலக்கூறு நைட்ரஜனைவிடப் பன்மடங்கு வலுவாகச் சிதறடிக்கும். ஆகவே ஒளியின் அளவிலிருந்து எரிபொருளின் பங்கை நேரடியாகக் கணக்கிட முடிகிறது. இதற்குக் கொடுக்கும் விலையும் பெரியது. ஒரு சிறு துளியோ தூசியோ இருந்தால் அதன் சிதறல் மூலக்கூறுகளின் மெல்லிய ஒளியை அமிழ்த்திவிடும் என்பதால், திரவம் முழுதும் தீர்ந்த பகுதிக்கு அப்பால்தான், அதுவும் ஆக்சிஜன் இல்லாத எரியாத தாரையில்தான், இதை நம்பி அளக்க முடிகிறது. நாசிலுக்கு அருகிலுள்ள கலவை நிலையை இந்தப் படங்களில் தேடக்கூடாது. இருக்கும் பகுதியில் கிடைக்கும் தரவோ, கணிப்பின் கலவைப் பகுதியைச் சோதிக்க நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்தது. சராசரி மட்டுமன்றி, பீச்சலுக்குப் பீச்சல் ஏற்படும் ஏற்ற இறக்கமும் இதில் கிடைக்கிறது; கொந்தளிப்பின் பெரிய சுழல்களை நேரடியாகக் கணிக்கும் பெருஞ்சுழல் உருவகப்படுத்தல் செய்பவர்களுக்கு அதுதான் தேவை.

சுடர் விலகல் தொலைவைப் பொறுத்தவரை லேசரே தேவைப்படவில்லை. கிளர்வுற்ற ஐதராக்சில் தானாக உமிழும் ஒளியை 310 நானோமீட்டர் வடிகட்டி வைத்துப் படமெடுத்தால் போதும். ஸ்ப்ரே ஏ-யில் நாசிலிலிருந்து 16 முதல் 18 மி.மீ. தொலைவில் சுடர் நிலைகொள்கிறது. திரவம் 10 மி.மீ. அளவிலேயே தீர்ந்துவிடுகிறது என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், திரவம் சுடரைத் தொடவே இல்லை என்ற முடிவு படங்களிலிருந்து நேரே கிடைக்கிறது. சுடர் விலகி நிற்கும் அந்த இடைவெளியில் தாரை எவ்வளவு காற்றை உள்ளிழுக்கிறதோ அவ்வளவுக்குப் புகைக்கரி குறையும் என்பது டென்னிஸ் சீபர்ஸும் மற்றவர்களும் சாண்டியாவில் நிறுவிய உறவு. வெப்பநிலையை 900-இலிருந்து உயர்த்திய நிலைமைகளின் தரவும் களஞ்சியத்தில் இருப்பதால், வெப்பம் கூடும்போது சுடர் நாசிலை நோக்கி நெருங்குவதையும், புகைக்கரி பெருகுவதையும் படிப்படியாகப் பார்க்க முடிகிறது.

புகைக்கரித் தரவுக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன். குறை அளந்தவர்களிடம் இல்லை, முறையின் இயல்பிலேயே இருக்கிறது. லேசர் துடிப்பால் கரித்துகள்களை ஏறத்தாழ 4000 கெல்வின் வரை சூடாக்கி, அவை தகதகப்பதைப் படமெடுக்கும் முறை, புகைக்கரி எங்கே இருக்கிறது என்பதை அருமையாகக் காட்டுகிறது. எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் வேறோர் அளவீட்டின் துணை வேண்டும். அத்துணையாக வரும் ஒளி மறைப்பு முறையிலோ, கரித்துகள்களின் ஒளியியல் பண்பை ஓர் எண்ணாகக் கொள்ளவேண்டியிருக்கிறது. அந்த எண் அலைநீளத்தையும் துகளின் வயதையும் பொறுத்து மாறுவது. இதோடு, அடர்த்தி வேறுபாட்டால் ஒளிக்கதிர் வளைந்து, கரியே இல்லாத இடத்திலும் நிழல் விழுவதுண்டு. அதைக் குறைப்பதற்காகவே பரவலான பின்னொளியைத் தனிப்பட வடிவமைத்தார்கள். ஆகவே புகைக்கரியின் நிறையைக் கணிப்போடு ஒப்பிடும்போது, அது தொடங்கும் நேரத்தையும் இடத்தையும் முதலிலும், மொத்த அளவைக் கடைசியிலும் வைத்து மதிப்பிடுவது நல்லது.

இக்களஞ்சியத்தில் வேறு சில குறைகளும் உண்டு. ஸ்ப்ரே ஏ ஒற்றைத் துளை கொண்டது. தாரை அசையாத வாயுவில், எந்தச் சுவரிலும் மோதாமல் பாய்கிறது. உண்மையான என்ஜினில் ஏழெட்டுத் தாரைகள் அடுத்தடுத்துப் பாய்கின்றன, பிஸ்டன் கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்புகின்றன, காற்று சுழல்கிறது. மூன்று துளை கொண்ட ஸ்ப்ரே பி-யும், பெரிய துளையில் குமிழியாக்கம் (திரவத்துக்குள் ஆவிக் குமிழிகள் தோன்றுதல்) நிகழும் ஸ்ப்ரே சி-யும், அதே அளவில் அது நிகழாத ஸ்ப்ரே டி-யும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. ஆயினும் ஸ்ப்ரே ஏ-க்கு இருக்கும் அளவுக்கு விரிவான தரவு அவற்றுக்கு இல்லை. எரிபொருளும் ஒரு வரம்புதான். என்-டோடெகேன் ஒரே வகை மூலக்கூறு, அதில் அரோமாட்டிக் வளையம் இல்லை. பங்க்கில் நிரப்பும் டீசலோ நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை, அதில் அரோமாட்டிக்குகள் கணிசமாக உண்டு, எனவே அதிகப் புகைக்கரி தரும். வேதிவினைகளைத் தெளிவாக எழுதவும் தூய்மையாக அளக்கவும் டோடெகேன் தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் இங்கே சரிபார்த்த கணிப்பு பங்க் டீசலுக்கும் அப்படியே பொருந்தும் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு குறை, முற்றிலும் பயனர் சார்ந்தது: வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் சேர்த்த தரவு என்பதால் கோப்புகளின் அமைப்பு ஒரே சீராக இல்லை. காலத்தின் தொடக்கப்புள்ளி இன்ஜெக்டருக்கு மின்குறிப்பு கொடுத்த கணமா, எரிபொருள் உண்மையில் வெளிவந்த கணமா என்பதை ஒவ்வொரு கோப்பிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடையில் உள்ள தாமதம், ஏறத்தாழ 0.4 மில்லிவிநாடியே ஆகும் தீப்பற்றல் தாமதத்தோடு ஒப்பிடுகையில் புறக்கணிக்கத்தக்கது அன்று.

யாருக்கு இது பயன்படும்? சொந்தமாக லேசரும் கண்ணாடி என்ஜினும் வாங்க வசதியில்லாத கல்லூரி ஆய்வகத்திற்கும், கணிப்பு மென்பொருளை நம்பி நாசில் வடிவமைக்கும் நிறுவனத்திற்கும், முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கும் மாணவருக்கும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அழகான படம் வேண்டும் என்று மட்டும் வருபவர் ஏமாறுவார். பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளைதான். ஓடும் வண்டியின் புகையைக் குறைக்க நாளையே விடை வேண்டும் என்பவருக்கும் இது உதவாது. ஆனால் டீசல் புகையைக் குறைக்கும் புதிய வழிகளைத் தேடுபவருக்கு இங்கிருந்து பாதை தொடங்குகிறது: சுடர் விலகி நிற்கும் இடைவெளியில் கூடுதல் காற்றைக் கலக்கச் செய்தால் என்ன என்ற கேள்வியே, தாரையைச் சிறு குழாய்க்குள் செலுத்தும் முறையை நோக்கிச் சாண்டியாவின் சார்லஸ் மியூல்லரை இட்டுச் சென்றது. பன்சன் விளக்கில் வாயுவும் காற்றும் குழாய்க்குள்ளேயே கலந்துவிடுவதைப்போல, டீசல் தாரையையும் கலக்கச் செய்வதே அதன் அடிப்படை.

புதிதாக வருபவர் எரியாத ஸ்ப்ரே ஏ-யிலிருந்து தொடங்கவேண்டும். இன்ஜெக்டரின் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய துளை வடிவத்தையும் பீச்சும் வேகத்தையும் எடுத்து, முதலில் ஆவி ஊடுருவலையும் திரவ நீளத்தையும் பொருத்திப் பார்க்கவேண்டும். அவை பொருந்தும் வரை எரிதலைத் தொடக்கூடாது. பிறகு ராலே படங்களிலுள்ள கலவை விகிதம், அதன் பிறகு 15 விழுக்காடு ஆக்சிஜனில் தீப்பற்றல் தாமதமும் சுடர் விலகல் தொலைவும், புகைக்கரி கடைசியில். இந்த வரிசையில் நான் நான்காவது படி வரை ஏறிவிட்டேன். தாமதமும் தொலைவும் அளவீட்டின் பிழை வரம்புக்குள் வருகின்றன. புகைக்கரி தொடங்கும் இடமும் ஏறத்தாழ ஒத்துவருகிறது. அதன் அளவு மட்டும், வெப்பநிலையை உயர்த்திய நிலைமைகளில், படத்தில் இருப்பதைவிட என் கணிப்பில் இன்னமும் குறைவாகவே வருகிறது. காரணம் என் வேதிவினைத் தொகுதியில் அரோமாட்டிக் வளையங்கள் வளரும் படிகளில் இருக்கிறதா என்பதை, அந்த 355 நானோமீட்டர் படங்களின் முன்பகுதியை வைத்து இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறேன்.